எஃப் எண் சின்னதாக இருந்தால் நல்ல லென்ஸா?

6 ஜனவரி, மாலை. கேள்வி

கையில் இருப்பது நிக்கான் டி5600, அதோடு வந்த ஏஎஃப்-பி 18–55 கிட் லென்ஸ். கல்யாண மண்டபத்தில் எடுத்த படங்கள் எல்லாம் குழைந்து கிடக்கின்றன. பெரிதாக்கினால் புருவ முடி தனித்தனியாகத் தெரியவில்லை, பட்டுப்புடவை ஜரிகை ஒரே மஞ்சள் பூச்சாக இருக்கிறது. 24 மெகாபிக்ஸலுக்குக் கிட் லென்ஸ் ஈடுகொடுக்காது என்கிறார்கள். எஃப் எண், அதாவது லென்ஸ் துவாரம் எவ்வளவு திறக்கும் என்று சொல்லும் எண், எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்ல லென்ஸ் என்பது என் கணக்கு. அதனால் 50 மி.மீ. எஃப் 1.8-ஐ விட்டுவிட்டு, கொஞ்சம் பணம் சேர்த்து எஃப் 1.4 வாங்கலாம் என்று இருக்கிறேன். அல்லது 17–50 எஃப் 2.8 ஜூமா? எதை வைத்து ஒரு லென்ஸை நல்லது என்கிறீர்கள்?

6 ஜனவரி, இரவு. பதில்

முதலில் மண்டபத்துப் படம் ஒன்றின் எக்ஸிஃப் விவரத்தை, அதாவது எந்த அமைப்பில் எடுத்தது என்று படத்தோடு பதிவாகும் குறிப்பை, பாருங்கள். 55 மி.மீ., எஃப் 5.6, 1/30 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 6400 என்கிற மாதிரி இருந்தால் பிரச்சினை கண்ணாடியில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது.

படம் குழைவதற்கு நான்கு காரணங்கள் உண்டு, நான்குக்கும் மருந்து வேறு வேறு. கேமரா அசைந்திருந்தால் சின்ன ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருக்கும். ஆள் அசைந்திருந்தால் பின்னால் இருக்கும் தூண் கூர்மையாக இருக்கும், தாலி கட்டுகிற கை மட்டும் கரைந்திருக்கும். இதை லென்ஸில் உள்ள விஆர் சரிசெய்யாது, அது உங்கள் கை நடுக்கத்துக்கு மட்டும்தான். ஃபோகஸ் தவறியிருந்தால் படத்தில் வேறு ஏதாவது ஒன்று பளிச்சென்று இருக்கும்: முகத்துக்குப் பதில் காது, அல்லது பின்வரிசைக்காரர் சட்டை. நாலாவது, கேமரா ஐஎஸ்ஓ இரைச்சலைத் துடைக்கும்போது நுண்விவரத்தையும் சேர்த்துத் துடைப்பது. ஜரிகை மஞ்சள் பூச்சாக ஆவது பெரும்பாலும் இதனால்தான்.

லென்ஸ் உண்மையிலேயே மழுங்கலா என்று தெரிய வேண்டுமானால் பகல் வெளிச்சத்தில், 35 மி.மீ., எஃப் 8, 1/250-க்கு மேல், ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா துடைத்துத் திருத்தாத மூலப்படம்). அப்போதும் படத்தின் நடுவில் குழைவு இருந்தால்தான் லென்ஸைப் பற்றிப் பேச வேண்டும்.

7 ஜனவரி

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: 55 மி.மீ., எஃப் 5.6, 1/40, ஐஎஸ்ஓ 6400, ஜேபெக். பகலில் எஃப் 8-ல் எடுத்தது நன்றாகவே இருக்கிறதாம்.

அப்படியானால் கணக்கைப் பாருங்கள். எஃப் 5.6-க்கும் எஃப் 1.8-க்கும் வெளிச்சத்தில் ஒன்பதரை மடங்குக்கு மேல் வித்தியாசம், அதாவது மூன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அதே மண்டபம், அதே விளக்கு, எஃப் 1.8: ஷட்டரை 1/125-க்கு ஏற்றிய பிறகும் ஐஎஸ்ஓ 2000-ல் நின்றுவிடும். அசைவும் குறையும், இரைச்சலும் குறையும். படம் துல்லியமாகத் தெரியும். அதைப் பார்த்து "கண்ணாடி தரம்" என்பார்கள். அங்கே வேலை செய்தது துவாரத்தின் அகலம்.

எஃப் எண் என்பது ஒரு வகுத்தல், அவ்வளவுதான். குவியத் தூரத்தைத் துவார விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 எஃப் 1.8-ல் துவாரம் ஏறத்தாழ 28 மி.மீ.; உங்கள் கிட் லென்ஸில் 55-ல் 10 மி.மீ. கூட இல்லை. எவ்வளவு வெளிச்சம் வரும், எவ்வளவு ஆழம் கூர்மையாக இருக்கும் என்பதை அந்த எண் சொல்லும். படம் எப்படி வரும் என்பதை அது சொல்லாது.

ஆழத்தையும் சேர்த்து யோசியுங்கள். உங்கள் கேமரா சென்சாரில் 50 எஃப் 1.8-ஐ 2 மீட்டரில் வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் 11, 12 செ.மீ. 1.2 மீட்டருக்கு நெருங்கினால் வெறும் 4 செ.மீ.; ஒரு கண் கூர்மை, மறு கண் மங்கல். மணமக்கள் இருவரும் மேடையில் முன்பின்னாக நின்றால், 3 மீட்டரிலிருந்து எஃப் 2.8-ல் எடுத்தால்தான் 40 செ.மீ. ஆழம் கிடைக்கும்.

7 ஜனவரி, பின்னிரவு

எஃப் 1.4-ஆ 1.8-ஆ என்பதற்கு வருகிறேன். இங்கேதான் நல்ல லென்ஸ் எது என்ற கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது.

லென்ஸின் பிழைகள் எல்லாம் ஒரே குணம் உள்ளவை அல்ல. துவாரத்தைச் சுருக்கும்போது சில ஓடிவிடும், சில அசையவே அசையாது. கோளப் பிறழ்ச்சியால், அதாவது கண்ணாடியின் நடு வழியே வரும் ஒளியும் ஓரம் வழியே வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாததால், வரும் மங்கல் துவார விட்டத்தின் மூன்றாம் அடுக்காக (கனமாக) கூடும். கோமா, அதாவது ஓரத்து ஒளிப்புள்ளிக்கு வால் முளைப்பது, விட்டத்தின் இரண்டாம் அடுக்காக (வர்க்கமாக) கூடும். அஸ்டிக்மாட்டிசமும் (ஓரத்துப் புள்ளி ஒரு திசையில் நீளுவது) புல வளைவும் (நடுவும் ஓரமும் ஒரே தளத்தில் ஃபோகஸ் ஆகாதது) விட்டத்துக்கு நேர் விகிதம். நேர்கோடு வளைந்து தெரியும் உருத்திரிபுக்குத் துவாரத்தோடு சம்பந்தமே இல்லை. ஓரங்களில் கிளை, கம்பி விளிம்பில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலப்பச்சையுமாகத் தெரியும் பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சிக்கும் அப்படித்தான்.

எஃப் 1.4-ல் இருந்து எஃப் 2.8-க்கு வந்தால் விட்டம் பாதி. கோளப் பிறழ்ச்சி எட்டில் ஒரு பங்கு. கோமா நாலில் ஒன்று. அஸ்டிக்மாட்டிசம் பாதி. உருத்திரிபும் பக்கவாட்டு நிறமும் அப்படியே.

இதனால்தான் 1.4 லென்ஸும் 1.8 லென்ஸும் எஃப் 2.8-ல் நடுவில் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும். 1.4-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சத்துக்கும், கொஞ்சம் கூடுதல் பின்புல மங்கலுக்கும். எஃப் 1.4-ல் திறந்தே எடுக்கிற வேலை இருப்பவருக்கு அந்தப் பணம் தகும்.

என் தீர்ப்பு இது: எஃப் 4-க்குச் சுருக்கினால் போய்விடுகிற பிழை ஒரு லென்ஸுக்குப் பெரிய குறை இல்லை. எஃப் 8-லும் போகாமல் நிற்கிற பிழைதான் குறை. ஒரு ஓரம் மட்டும் மழுங்கல், விளக்கு பட்டால் படமே வெளுப்பது, ஃபோகஸ் ஒருமுறை இங்கே ஒருமுறை அங்கே விழுவது, இவையெல்லாம் அந்த ரகம்.

8 ஜனவரி

சுருக்கச் சுருக்க நல்லதா என்று ஒருவர் கேட்டார். இல்லை. விளிம்பு விளைவு, அதாவது சின்னத் துவாரத்தைக் கடக்கும் ஒளி விரிந்து பரவுவது, குறுக்கே வரும். பச்சை ஒளிக்கு, ஒரு புள்ளி சென்சாரில் விழும் வட்டத்தின் விட்டம் எஃப் 8-ல் ஏறத்தாழ 10.7 மைக்ரான், எஃப் 16-ல் 21.5. டி5600-ன் ஒரு பிக்ஸல் 3.9 மைக்ரான். எஃப் 16-ல் ஒரு புள்ளி ஐந்து பிக்ஸல் அகலத்துக்குப் பரவுகிறது. எந்த விலை லென்ஸாக இருந்தாலும் இதுதான். இந்தச் சென்சாரில் எஃப் 5.6 முதல் 8 வரை உச்சம், 11 பரவாயில்லை, 16 தேவைப்பட்டால் மட்டும்.

9 ஜனவரி

"24 மெகாபிக்ஸலுக்குக் கிட் லென்ஸ் ஈடுகொடுக்காது" என்பதை விட்டுவிடக் கூடாது, இந்தப் பேச்சால் பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள்.

லென்ஸ் ஒரு வரம்பு வரை, சென்சார் ஒரு வரம்பு வரை, இரண்டில் எது குறைவோ அதுவே முடிவு என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. உண்மையில் இரண்டும் பெருக்கல். ஒரு நுண்கோட்டு வடிவத்தின் கான்ட்ராஸ்டில் லென்ஸ் 0.6 பங்கைக் காப்பாற்றி, சென்சார் 0.5 பங்கைக் காப்பாற்றினால் படத்தில் மிஞ்சுவது 0.30. லென்ஸை மாற்றாமல் சென்சாரை 0.7 ஆக்கினால் 0.42. சென்சாரை மாற்றாமல் லென்ஸை 0.8 ஆக்கினால் 0.40. எதை மேம்படுத்தினாலும் படம் மேம்படும். இது உதாரணக் கணக்குதான், ஆனால் நடப்பது இப்படித்தான். அதிக மெகாபிக்ஸல் கேமராவில் ஒரு லென்ஸ் திடீரென்று மோசமாகிவிடாது. 100 சதவீதத்தில் பார்க்கும்போது இன்னும் பெரிதாக்கிப் பார்க்கிறோம், அதனால் பிழை கண்ணில் படுகிறது. இரண்டு கேமராவின் படத்தையும் ஒரே அளவில் அச்சடித்துப் பாருங்கள்.

9 ஜனவரி, சற்று நேரம் கழித்து

எம்டிஎஃப் வரைபடத்தைப் பற்றி, அதாவது ஒரு லென்ஸ் எவ்வளவு கான்ட்ராஸ்டைக் காப்பாற்றுகிறது என்று நிறுவனம் போடும் படத்தைப் பற்றி, இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கிடை அச்சு படத்தின் நடுவில் இருந்து தூரம், மி.மீ. கணக்கில். ஃபுல் ஃபிரேமுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 21.6 வரை ஓடும், அதுதான் மூலை. உங்கள் டி5600-ல் உள்ளது போன்ற சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு மூலை 14 மி.மீ.-ல் முடிந்துவிடும். ஃபுல் ஃபிரேம் லென்ஸை டி5600-ல் மாட்டுபவர் வரைபடத்தில் 14-க்கு அப்பால் பார்க்க வேண்டியதே இல்லை. அங்கே கோடு விழுந்தால் உங்களுக்குக் கவலை இல்லை.

மி.மீ.-க்கு 10 கோடு எனக் குறித்த வளைவு மொத்தக் கான்ட்ராஸ்டைச் சொல்லும், 30 கோடு நுண்விவரத்தை. ஒவ்வொன்றிலும் முழுக்கோடும் புள்ளிக்கோடும் இருக்கும்: ஒன்று நடுவில் இருந்து ஆரம் போல ஓடும் வரிகளுக்கு, இன்னொன்று அதற்குக் குறுக்கான வரிகளுக்கு. இரண்டும் சேர்ந்தே போனால் ஓரத்துப் புள்ளிகள் வட்டமாக இருக்கும். பிரிந்து போனால் அஸ்டிக்மாட்டிசமோ பக்கவாட்டு நிறமோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அந்த வரைபடத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் வடிவமைப்பில் இருந்து கணக்கிட்டுத்தான் போடுகின்றன. கார்ல் ஸைஸ் அளந்து போடும் வழக்கம் உள்ளது. ஒரு நிறுவனத்தின் வரைபடத்தை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். வரைபடம் சொல்வது நெடுந்தூர ஃபோகஸுக்கு. ஒரு மீட்டரில் அதே லென்ஸ் வேறு மாதிரி நடக்கும். எதிர்வெளிச்சத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது. இன்னொன்று, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் அந்த ஒரு லென்ஸைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

12 ஜனவரி

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம், அதனால் தனியாக எழுதுகிறேன். ஒரே மாடலில் இரண்டு லென்ஸ் ஒன்றுபோல இருப்பதில்லை. உள்ளே ஒரு கண்ணாடி நூலிழை நகர்ந்தாலோ சாய்ந்தாலோ ஒரு மூலை கெடும். ஜூமில் நகரும் பாகங்கள் அதிகம், அதனால் வாய்ப்பும் அதிகம். லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்த ரோஜர் சிகாலா ஒரே மாடலின் பல பிரதிகளை அளந்து இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்.

சோதிக்கும் விதம்: மொட்டை மாடியில் டிரைபாடைப் போடுங்கள். அரை கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு செல்போன் டவரைத் தேர்ந்தெடுங்கள். நேரம் விடிந்து ஒரு மணி நேரத்துக்குள். வெயில் ஏறினால் அனல் அலையே படத்தைக் குழப்பிவிடும், லென்ஸ் மேல் பழி விழும். விஆர்-ஐ அணையுங்கள். ஏஎஃப்-பி கிட் லென்ஸில் அதற்குப் பொத்தான் இல்லை, கேமரா மெனுவுக்குள் போக வேண்டும். ரா, ஐஎஸ்ஓ 100, துவாரத்தை முழுக்கத் திறந்து, ஷட்டர் 1/500-க்கு மேல் வருகிறதா பாருங்கள். லைவ் வியூவில் (கேமராவின் பின் திரையில் பார்த்து எடுக்கும் முறை) டவரை நடுவில் வைத்துப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இனி வளையத்தைத் தொடக் கூடாது. 2 வினாடி டைமரில் நடுவில் ஒரு படம். பிறகு கேமராவைத் திருப்பித் திருப்பி அதே டவரை இடது மேல் மூலை, வலது மேல், வலது கீழ், இடது கீழ் என்று வைத்து நாலு படம்.

நடுவைவிட மூலைகள் மங்கலாக இருப்பது இயல்பு. நாலு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருக்கிறதா என்பதே கேள்வி. புல வளைவு இருந்தால் நாலிலும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு மூலை மட்டும், அல்லது ஒரு பக்கம் முழுக்க மட்டும் கெட்டிருந்தால் உள்ளே ஏதோ விலகியிருக்கிறது. ஜூம் என்றால் 18, 35, 55 மூன்றிலும் செய்யுங்கள். 18-ல் சரியாக இருந்து 55-ல் விலகும் லென்ஸ்கள் உண்டு. எஃப் 8-ல் இன்னொரு சுற்று எடுங்கள். எஃப் 8-ல் நாலும் சமமாகிவிட்டால் வைத்துக்கொள்ளலாம்.

லென்ஸா, கேமரா சென்சாரே சாய்ந்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் வேறொரு லென்ஸை மாட்டி அதே சோதனை. அதே மூலை மறுபடியும் கெட்டால் கேமராவைக் காட்டுங்கள்.

12 ஜனவரி, மாலை

செங்கல் சுவரை வைத்துச் சோதித்தால் போதாதா என்கிறார் ஒருவர். செய்யலாம், ஆனால் கேமரா சுவருக்கு மிகச் சரியாக இணையாக இருக்க வேண்டும், கண்ணளவில் அது வராது. ஒரு சின்ன முகக்கண்ணாடியைச் சுவரோடு தட்டையாக ஒட்டுங்கள். லைவ் வியூவில் பார்க்கும்போது உங்கள் லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் வரும்வரை கேமராவை நகர்த்துங்கள். அப்போதுதான் இணை. கண்ணாடியை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். மூலை மங்கலாகத் தெரிந்தால் அந்த மூலையிலேயே ஃபோகஸ் செய்து இன்னொரு படம்: இப்போது கூர்மை வந்தால் அது புல வளைவு, பழுது அல்ல. வராவிட்டால் லென்ஸ் அங்கே வலுவில்லாதது.

15 ஜனவரி

கேட்டவர்: "டவர் சோதனையில் கிட் லென்ஸ் தேறிவிட்டது. ஆனால் வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் கொஞ்சம் பின்னால் விழுகிற மாதிரி இருக்கிறது."

அது ஒளியியல் கோளாறு இல்லை. வியூஃபைண்டரில் பார்க்கும்போது ஃபோகஸ் வேலையை, ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் மிரர் உள்ள பெட்டிக்கு அடியில் இருக்கும் தனி சென்சார் செய்கிறது. லைவ் வியூவில் படம் விழும் சென்சாரே செய்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இப்படி ஆகும். ஒரு ஸ்கேலை மேசையில் 45 டிகிரி சாய்த்து வைத்து, நடுவில் நிற்கும் தீப்பெட்டி விளிம்பில் ஃபோகஸ் செய்து, இரு முறையிலும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு படத்தை நம்பக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடித்து, எட்டுப் பத்துப் படம் எடுங்கள். எப்போதும் ஒரே பக்கம் விழுந்தால் அது சரிசெய்யக் கூடியது. டி7000 வரிசையில் இதை நாமே திருத்திக்கொள்ளும் ஏஎஃப் ஃபைன் ட்யூன் மெனு இருக்கிறது, டி5600-ல் இல்லை. உங்களுக்கு சர்வீஸ் சென்டர்தான் வழி. முன்னும் பின்னுமாகச் சிதறினால் அந்த லென்ஸ் வேண்டாம்.

எஃப் 5.6-ல் இது ஆழத்துக்குள் மறைந்துவிடும். எஃப் 1.8-ல் மறையாது. பெரிய துவார லென்ஸை வாங்கிவிட்டு "மழுங்கல்" என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலருக்கு உண்மையில் இதுதான் நடந்திருக்கிறது. அந்த மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை, ஏனென்றால் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது.

16 ஜனவரி

மண்டபம் என்றதும் ஃப்ளேர் பற்றி, அதாவது விளக்கு பட்டுப் படம் வெளுப்பது பற்றி, சொல்லாமல் இருக்க முடியாது. மேடைக்குப் பின்னால் வரிசையாக விளக்கு, வீடியோக்காரர் லைட் வேறு. படத்தில் கறுப்பு எல்லாம் சாம்பலாக வருவதற்கு இதுதான் காரணம்.

எதிரொளி தடுக்கும் கோட்டிங் இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கே தேறும். 15 குழுக்கள், 30 பரப்பு உள்ள இன்றைய ஜூம் கோட்டிங் இல்லாமல் இருந்தால் 30 சதவீதம் கூடத் தேறாது. பரப்புக்கு 0.5 சதவீதமாகக் குறைத்தால் அதே 30 பரப்பில் 86 சதவீதம் வந்துவிடும். தொலைந்துபோன ஒளி எங்கே போகிறது என்பது இன்னும் முக்கியம்: அது உள்ளேயே முட்டி மோதி சென்சார் மேல் பரவுகிறது.

1896-ல் பால் ருடால்ஃப் வடிவமைத்த ஸைஸ் பிளானார் காகிதத்தில் அருமையான லென்ஸ். ஆனால் பரப்புகள் அதிகம், படம் வெளுத்தது. 1902-ல் வந்த நாலே கண்ணாடி டெஸ்ஸார் அதை முந்திக்கொண்டு ஓடியது. 1935-ல் ஸைஸில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளி தடுக்கும் கோட்டிங்குக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் பிளானார் வகைக்கு வாழ்வு வந்தது. நீங்கள் வாங்க நினைக்கும் 50 எஃப் 1.8 அந்த வம்சம்தான்.

சோதனை: இருட்டறையில் ஒரு மின்விளக்கைப் படத்தின் மூலையில் வையுங்கள், நடுவில் கறுப்புத் துணி. பிறகு விளக்கைப் படத்துக்குச் சற்று வெளியே நகர்த்துங்கள், துணி எவ்வளவு சாம்பலாகிறது என்று பாருங்கள். ஹுட் (லென்ஸ் முனையில் மாட்டும் ஒளிமறைப்பு) போட்டும் போடாமலும் எடுங்கள். பிறகு கடையில் லென்ஸோடு தள்ளிவிட்ட யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை. மலிவு ஃபில்டரின் இரண்டு பரப்பும், சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து, விளக்குக்கு நேர் எதிர்ப்புறத்தில் அதன் தலைகீழ் பிம்பத்தை மிதக்கவிடும். அதைப் பார்த்த பிறகு ஃபில்டரைக் கடற்கரை, புழுதி, தெறிக்கும் தண்ணீர் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வீர்கள்.

17 ஜனவரி

முன்பு உருத்திரிபும் பக்கவாட்டு நிறமும் சுருக்கினாலும் போகாது என்று எழுதினேன். அதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: டிஜிட்டலில் இந்த இரண்டும்தான் மென்பொருளில் மிகச் சுலபமாகத் திருத்தப்படுபவை. நிறம் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறதோ அவ்வளவு பின்னுக்கு இழுத்தால் போதும். அதனால் இப்போதைய மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் உருத்திரிபை வேண்டுமென்றே விட்டுவைத்து, அந்த இடத்தில் லென்ஸைச் சிறிதாக்குகிறார்கள். அது ஏமாற்று அல்ல, நியாயமான வடிவமைப்பு. விலை உண்டு: மூலைகள் இழுபடுவதால் கொஞ்சம் கூர்மை போகும், இருண்ட மூலையை 2 ஸ்டாப் ஏற்றினால் அங்கே இரைச்சலும் 2 ஸ்டாப் ஏறும்.

மென்பொருளால் முழுதாகத் திருத்த முடியாதது ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையுமாகப் படியும் நிறம். பெரிய துவார லென்ஸில் வெள்ளி நகை, வெள்ளை வேட்டிக் கரை, கண்ணாடி டம்ளர் விளிம்பு இவற்றில் பாருங்கள். இது சுருக்கினால் குறையும். 50 எஃப் 1.8-ல் எஃப் 2.8 வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை.

19 ஜனவரி

பின்புல மங்கல் பற்றிய கேள்விகளுக்குச் சுருக்கமாக. துவாரத்தைச் சுருக்கும் இதழ்களின் எண்ணிக்கை துவாரம் சுருங்கிய பிறகுதான் வேலைக்கு வரும். ஐந்து இதழ் என்றால் விளக்குகள் ஐங்கோணம், ஏழு அல்லது ஒன்பது வளைந்த இதழ் என்றால் வட்டத்துக்கு நெருக்கம். முழுக்கத் திறந்திருக்கும்போது ஓரத்து வட்டங்கள் எலுமிச்சை வடிவில் வந்தால் அது லென்ஸ் குழாய் ஒளியை வெட்டுவதால். வட்டத்துக்குள் வெங்காய வளையம் போலக் கோடுகள் தெரிந்தால் அச்சில் வார்த்த ஆஸ்ஃபெரிக் (கோள வடிவில் இல்லாத) கண்ணாடியின் தடம். வட்டத்தின் விளிம்பு பளிச்சென்று இருந்தால் பின்னணியில் உள்ள மாவிலைத் தோரணம் எல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்து கண்ணை உறுத்தும். இதை வாங்குமுன் பார்க்க வேண்டும், எந்த எண்ணிலும் எழுதியிருக்காது.

23 ஜனவரி

ஒருவர் பழைய சோவியத் ஹீலியோஸ் 44-2 குறைந்த விலைக்கு வருகிறது, நிக்கானில் மாட்டலாமா என்று கேட்டார்.

மாட்டலாம், ஆனால் தூரம் பார்க்காது. ஹீலியோஸ் போன்ற எம்42 திருகு வகை லென்ஸுக்கு மௌன்ட்டில் (லென்ஸ் மாட்டும் வளையம்) இருந்து சென்சார் வரை 45.46 மி.மீ. வேண்டும், நிக்கான் எஃப் மௌன்ட்டில் அது 46.5. அந்த ஒரு மி.மீ. சொச்சத்தால் 58 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 3.2 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது. அடாப்டரின் தடிமனும் சேர்ந்தால் இன்னும் குறையும். திருத்தும் கண்ணாடி வைத்த அடாப்டர் கிடைக்கும், அந்தக் கண்ணாடியே படத்தை மழுக்கும். டி5600-ல் வெளிச்ச அளவீடும் வேலை செய்யாது, எம் முறையில் நீங்களே கணித்து எடுக்க வேண்டும். சோனி இ மௌன்ட் 18 மி.மீ., நிக்கான் இஸட் 16 மி.மீ.; அவற்றில் இந்தத் தொல்லை இல்லை, வெறும் குழாய் அடாப்டர் போதும்.

ஃபிலிம் கால அகலக்கோண லென்ஸ்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, குறிப்பாக லைக்கா எம் வகைக்கு. கடைசிக் கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் இருப்பதால் மூலைக்குப் போகும் ஒளி மிகச் சாய்ந்து விழும். ஃபிலிமுக்கு அது பொருட்டில்லை. டிஜிட்டல் சென்சார் மேல் ஏறத்தாழ 2 மி.மீ. கண்ணாடித் தகடு இருக்கிறது. சாய்ந்த ஒளி அதைக் கடக்கும்போது இடம் மாறி மூலை இழுகிவிடும். லைக்கா தன் எம் கேமராக்களில் அந்தத் தகட்டை மெல்லியதாக வைத்திருப்பது இதற்காகத்தான். ஃபிலிமில் புகழ் பெற்ற லென்ஸ் டிஜிட்டலில் நல்ல லென்ஸாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

30 ஜனவரி

பழைய லென்ஸ் வாங்குபவர்களுக்கு, கடையில் நின்றபடி பார்க்க வேண்டியவை.

இரண்டு மூடியையும் கழற்றுங்கள். துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கம் இருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். தூசி சில துணுக்கு இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் வராது. முன் கண்ணாடியில் ஒரு கீறலும் பெரும்பாலும் வராது. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் வாங்காதீர்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. எண்ணெய்க் கை பட்ட மூக்குக்கண்ணாடி போல முழுப்பரப்பும் மங்கியிருந்தால் ஹேஸ், கான்ட்ராஸ்ட் போய்விடும். ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டு இருந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, அதைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது.

துவார இதழ்களில் எண்ணெய் மினுங்கினால், சுருங்கும்போது மெதுவாகி, படம் அதிவெளிச்சமாக விழும். எஃப் 16-ல் வைத்துத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் தட்டுங்கள். வெளிச்சம் ஒன்றுபோல இல்லையென்றால் அதுதான். ஜூம் குழாயை விரலால் ஆட்டிப் பாருங்கள், லேசான ஆட்டம் இயல்பு, கடகடவென்றால் வேண்டாம்.

சென்னை, தூத்துக்குடி, நாகை மாதிரிக் கடலோர ஊர்களில் பூஞ்சை நிஜமான எதிரி. தோல் பையிலும் ஃபோம் போட்ட பெட்டியிலும் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் வைத்திருங்கள். 30-க்குக் கீழே இறக்க வேண்டாம், மசகு காய்ந்துவிடும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும்.

2 பிப்ரவரி

கேட்டவர்: "சரி, எனக்கு எது? 50 எஃப் 1.8டி பாதி விலைக்கு வருகிறது."

டி வேண்டாம். அதற்குள் மோட்டார் இல்லை, உங்கள் கேமராவுக்குள்ளும் இல்லை, ஆட்டோஃபோகஸ் நடக்காது. ஏஎஃப்-எஸ் என்று இருக்க வேண்டும்.

50 எஃப் 1.8ஜி நல்ல லென்ஸ், ஆனால் உங்கள் சென்சாரில் 75 மி.மீ. போல நடக்கும். 3 மீட்டரில் நின்றால் 1.4 மீட்டர் அகலமே விழும். மண்டபத்தில் பின்னால் நகர்ந்தால் நாற்காலி இடிக்கும். 35 எஃப் 1.8ஜி டிஎக்ஸ் அதே தூரத்தில் 2 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், 30 செ.மீ. வரை நெருங்கும். திறந்திருக்கும்போது ஊதாவும் பச்சையும் அதில் தெரியும், எஃப் 2.8-ல் அடங்கும். உங்களுக்கு முதலில் அதுதான். அதை எஃப் 2.2-ல் வைத்து, 1/125, ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சம் 3200, ரா என்று ஓட்டுங்கள். குழுப் படத்துக்குக் கிட் லென்ஸும் ஒரு ஃப்ளாஷும் போதும்.

17–50 எஃப் 2.8 வசதியான லென்ஸ். கிட் லென்ஸைவிட 50-ல் 2 ஸ்டாப் வெளிச்சம், எல்லா நிமிடமும் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். மாதம் நாலு கல்யாணம் எடுப்பவருக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த வகையில்தான் பிரதிக்குப் பிரதி வித்தியாசம் கூடுதலாகத் தெரியும், டவர் சோதனை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

11 பிப்ரவரி

கேட்டவர் 35 வாங்கி, டவரை நாலு மூலையிலும் வைத்து எடுத்த படங்களைப் போட்டிருக்கிறார். எஃப் 1.8-ல் மூன்று மூலை சமம். வலது கீழ் மூலையில் டவரின் குறுக்குக் கம்பிகள் இரட்டையாகத் தெரிகின்றன. எஃப் 4-லும் முழுதாகச் சேரவில்லை. கிட் லென்ஸில் அதே மூலை சரியாக இருந்தது, ஆகவே சென்சார் குற்றமில்லை.

மாற்றுங்கள். கடைக்காரரிடம் "மழுங்கலாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் நடுவில் ஒரு படம் எடுத்துக் காட்டி அனுப்பிவிடுவார். நாலு மூலையையும் 100 சதவீதத்தில் வெட்டி, ஒரே தாளில் அருகருகே அடுக்கி, கீழே எஃப் 4 வரிசையையும் வைத்து, கிட் லென்ஸின் அதே மூலையையும் சேர்த்து எடுத்துப் போங்கள். டிரைபாட் கையில் இருந்தால் அடுத்த பிரதியை அங்கேயே தெருவின் மறுமுனையில் உள்ள பெயர்ப்பலகையில் சோதித்துவிட்டு வாங்கி வாருங்கள்.